தம்பியின் நாக்கு

என் தம்பி மீது எனக்கு எரிச்சல். நாற்பது வருடங்களுக்கு மேலாக இருக்கும் எரிச்சல் இது. இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது, அவனுக்கு ஐம்பத்திரண்டு. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், அந்தக் கோபம் எப்போதோ ஆறியும் இருக்கும். நல்லதையே செய்துகொண்டிருப்பவனோடு என்ன செய்வது?

எனக்குக் கொன்னை. பேசத் தொடங்கினால் முதல் எழுத்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கண்கள் தாமாக மூடும், கழுத்து நரம்பு புடைக்கும், தாடை ஒரு பக்கமாக இழுக்கும். ‘க’வும் ‘ப’வும் ‘ம’வும் என் பரம எதிரிகள். தம்பிக்கோ நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். எட்டு வயதில் நான் தொடங்கிய வசனங்களை நாலு வயதில் அவன் முடித்துவைத்தான். கடையிலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னாலும், நான் ஓர் எழுத்தோடு நின்று மூச்சு முட்டும்போது, பக்கத்தில் நின்று மிச்சத்தைச் சொல்லிவிடுவான். எல்லோரும் அவனுடைய தலையைத்தான் தடவுவார்கள்.

இருவரும் ஒன்றாகத்தான் கனடா வந்தோம். அகதி விசாரணையில் அதிகாரி என் பெயரைக் கேட்டார். முதல் எழுத்தை நான் சொன்னேன், மீதியை அவன் சொன்னான். அதற்குப் பிறகு வாடகை வீடு, வங்கி, டொக்டர் எல்லாமே அவன் வாயால்தான் எனக்குக் கிடைத்தன. அவன் வீடு விற்கிற ஏஜென்ட் ஆனான். விட்பியில் பெரிய வீடு வாங்கினான். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எங்கே மேடை இருந்தாலும் மைக் அவன் கையில் இருக்கும். நான் ரெக்ஸ்டேலில் மாவு குழைத்துப் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் ஒருவரும் பேசுவதில்லை. காதை மூடிக்கொண்டு கையால்தான் காட்டுவோம். அந்த இரைச்சலில் மேற்பார்வையாளருக்கும் வாய் இல்லை, எனக்கும் வாய் இல்லை. ரூஜில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் கார் ஓடிப் போக வேண்டியிருந்தும் இருபத்தைந்து வருடங்களாக நான் அந்த வேலையை விடாததற்கு இதுவே காரணம்.

பேச்சுக்குப் பயந்தவனின் வாழ்க்கை வெளியே தெரியாத விதமாகக் குறுகும். எனக்குப் பால்கோப்பிதான் விருப்பம். ஆனால் ‘எ’ சுலபமாக வரும் என்பதால் பன்னிரண்டு வருடங்களாகக் கசப்பான எஸ்பிரெஸ்ஸோவைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். கடைக்காரப் பெண், நான் கோப்பியில் பெரிய ரசிகன் என்று நினைத்திருந்தாள்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது மனைவி கொழும்பில் இருந்தாள். முதன்முதலாகப் போன் எடுத்த அன்று தம்பிதான் கதைத்தான். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவன் ஏதோ பகிடி விட, அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு அவன் என்னிடம் போனைத் தந்தான். எனக்கு ‘ஓம்’ என்ற சொல் மட்டும் தடையில்லாமல் வரும்.

“சாப்பிட்டீங்களோ?”

“ஓம்.”

“அங்க இப்ப குளிரோ?”

“ஓம்.”

“என்ர படம் கிடைச்சதோ? உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?”

“ஓம்.”

இப்படித்தான் என் கல்யாணம் ஒப்பேறியது. இதை என் மனைவி ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள், நானும் கூடவே சிரிப்பேன். ஆனால் அந்த முதல் சிரிப்பு என்னுடையதில்லை என்ற நினைப்பு எனக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. தம்பி வீட்டுக்கு வந்து அவள் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். அவளுக்கு நாலு வயதானபோது ஒரு விஷயம் நடந்தது. இங்கிலிஷில் மணிமணியாகப் பேசுகிற பிள்ளை, தமிழில் மட்டும் “அ... அ... அப்பா, த... த... தண்ணி” என்று திக்கத் தொடங்கினாள். மனைவி பயந்துபோனாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நிலத்தில் இருந்து பிள்ளையோடு விளையாடி, இடையில் சாதாரணமாகக் கேட்டார், தமிழில் பேசும்போது ஏன் அப்படி நின்று நின்று சொல்கிறாய் என்று. மகள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்: தமிழ் அப்படித்தான் பேசுவது.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, தகப்பனைப் பார்த்துப் பழகியிருக்கிறாள், தானாகப் போய்விடும் என்றார். மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரும் வரைக்கும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் வருத்தத்தை, இந்தக் கொன்னையை, என் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றே முடிவெடுத்தேன், அவளுக்குப் பேச்சுச் சரியாக வரும் வரைக்கும் அவளோடு பேசுவதில்லை என்று.

ஒன்றரை வருடம் அப்படி இருந்தேன். பின்னேர ஷிப்ட் கேட்டு வாங்கியதால் அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. பிள்ளை கேட்பதற்குத் தலையாட்டுவேன், அல்லது ஓம். அந்த இடைவெளியில் தம்பி வந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அவளை மடியில் இருத்திக் கதை சொன்னான். மகளின் தமிழ் சரளமானது. அது தம்பியின் தமிழாக இருந்தது. “ஆனாப் பாருங்கோ” என்று அவன் இழுக்கிற இழுப்புக்கூட அவளிடம் வந்தது. நான் மறுபடி பேசத் தொடங்கியபோது, சைக்கிளில் விழுந்து முழங்காலை உரசிக்கொண்ட பிள்ளை, வாசலில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே இருந்த சித்தப்பாவிடம் ஓடினாள். நானே கையால் எடுத்துக் கொடுத்த ஒன்றுக்காக யார் மீது பொறாமைப்படுவது? தம்பி மீதுதான் பட்டேன்.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்துவைத்து வரவேற்பு நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தகப்பன் பேசுகிற இடம் வந்ததும் ஒரு கணம் நின்றாள்.

“அப்பா, இதைச் சித்தப்பா செய்யட்டும். நீங்க சும்மா ஸ்ட்ரெஸ் பண்ணவேணாம். ஓகேயா?”

“ஓம்” என்றேன்.

அன்று முழுக்கப் பின்வளவில் போய் நின்று, பனி கரைந்த புல்லில் கிடந்த பழைய இலைகளை வாரினேன். வாரிய இடத்தையே திரும்பத் திரும்ப வாரினேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் எடுத்தான்.

“அண்ணை, பிள்ளை சின்னனில செய்த பம்பல் ரெண்டு மூண்டு சொல்லு. நான் அதை வடிவாக் கொண்டுபோறன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.”

என் நினைவுகளையும் அவன் வாயால்தான் சொல்ல வேண்டுமா? ஆனாலும் சொன்னேன். முதல் பனியைப் பார்த்து யாரோ சீனி கொட்டிவிட்டார்கள் என்று அவள் அழுததைச் சொன்னேன். விழுந்த பல்லைத் தபாலில் போட்டதைச் சொன்னேன். “வேற?” என்று கேட்டான். பேச்சுப் பயிற்சிக்குப் போன கதை அவனுக்குத் தெரியாது, நானும் மனைவியும் ஒருவருக்கும் சொன்னதில்லை. “வேற இ... இல்லை” என்றேன். அதை மட்டும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. போனை வைத்தபோது, வீட்டில் ஒரு பொருளைத் திருட்டுக்குப் பயந்து ஒளித்துவைத்தவனைப் போல உணர்ந்தேன்.

அன்று சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் அரிசி கழுவினாள்.

“இஞ்சாருங்கோ, லீக்ஸ வெட்டுறியளோ கொத்துறியளோ?”

கத்தியை வைத்தேன். இருபத்தெட்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். “உமக்குத் த... த... தம்பியின்ர கதை விருப்பம்தானே?”

அவள் யோசிக்கவே இல்லை. “ஓம், விருப்பம்தான். அவர் கதைச்சாச் சிரிப்பு வரும். அண்டைக்கும் சிரிச்சனான், இப்பவும் சிரிக்கிறன். அதுக்கென்ன?”

“அ... அவனைக் க... கட்டியிருக்கலாம்.”

குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒரு கிழமை அவரோட இருந்தா எனக்கு மண்டை வெடிச்சிடும். அவற்ற மனிசியைக் கேட்டுப் பாருங்கோ, கலியாணம் கட்டின நாள் தொட்டு அவ எத்தினை வசனம் முடிச்சவ எண்டு. நீங்கள் நான் சொல்லி முடிக்குமட்டும் இருந்து கேக்கிற மனிசன்.” அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: “ஆனா ஒண்டு. பிள்ளையோட கதைக்காமல் இருந்தீங்களே, அதை நான் இன்னும் மறக்கேல்ல.”

அவளுக்கு அது தெரியும் என்றே எனக்குத் தெரியாது. ஷிப்டின்மேல் பழியைப் போட்டு மறைத்துவிட்டேன் என்று நம்பியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மகளோடு பிளவுஸ் அளவு பார்க்கத் தையல்கடைக்குப் போனேன். அவள்தான் கார் ஓடினாள். மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றபோது தொடங்கினேன்.

“ரிசெப்ஷன் அண்டைக்கு நான் க... க... க...”

விளக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அவள் அவசரப்படாமல் பக்கத்துப் பிளாஸாவுக்குள் திருப்பிக் காரை நிறுத்திவிட்டு, “சொல்லுங்கோ” என்றாள்.

“நான் க... கதைக்கிறன்.”

“சித்தப்பாவின்ர ஸ்பீச்சையா?”

“இல்லை. என்ர.”

அவள் என்ஜினை அணைத்தாள். “அப்பா, எனக்கு உங்களில வெக்கம் இல்ல. பட் யாரும் சிரிச்சா நான் எழும்பிச் சண்டைக்குப் போவன். பிரைட் சண்டை பிடிச்சா எப்பிடி இருக்கும்?” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்தாள். “ட்ரூத் சொல்லட்டா? நீங்கள் கேப்பீங்கள் எண்டு வெயிட் பண்ணினனான். லிஸ்ட் வாசிக்கேக்க கூட நிப்பாட்டி உங்களைப் பாத்தனான். நீங்க ஓம் எண்டுட்டீங்க.”

என் மகளுக்கு இருபத்தேழு வயது. அவள் ஏதோ ஒன்றுக்காக எனக்குக் காத்திருப்பாள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தம்பியிடம் நேரில் சொல்ல விட்பிக்குப் போனேன். கட்டைக் காற்சட்டையோடு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, ரெண்டு பக்கம் எழுதி முடிச்சிட்டன். அந்தப் பல்லுக் கதை சூப்பர்.”

“நான்தான் க... கதைக்கப்போறன்.”

“நல்லது! நீ தொடங்கு, நான் பக்கத்தில நிக்கிறன்.”

“வே... வேண்டாம்.”

அவன் முகம் மாறியது. “முந்நூறு சனம் அண்ணை. உன்னை அதுக்குள்ள நிக்கவிட்டுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது.”

“எனக்கு உ... உன்னில எரிச்சல்” என்றேன். ஆச்சரியமாக, அந்த வசனம் கிட்டத்தட்டத் தடையில்லாமல் வந்தது. “சின்னனில இருந்து எரிச்சல். என்ர வாயில இருக்கிறதை எல்லாம் நீ ப... பறிச்சுப்போட்டாய்.”

தம்பி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த ஹோஸிலிருந்து தண்ணீர் அவனுடைய செருப்பின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொல்லில்லாமல் நின்றதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் அவன் மெதுவாக, “நான் உதவி எண்டெல்லோ நினைச்சனான்” என்றான்.

“உ... உதவிதான்” என்றேன். அதுவும் உண்மைதான். காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு கிழமையாக அவன் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் தொழிற்சாலையில் இயந்திர இரைச்சலுக்குள் நின்று உரக்கப் பேசிப் பழகினேன். பாண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, “எல்லாருக்கும் வணக்கம்” என்று அவற்றுக்குச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்காரர் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நான் பாடுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டித் தாளம் போட்டார்.

வரவேற்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கடைசியில் நிகழ்ச்சியை நடத்தத் தம்பிதான் மைக் பிடித்தான், மாட்டேன் என்றவனை மகள் விடவில்லை. என் முறை வந்ததும் வழக்கமான பகிடி ஒன்றும் விடாமல், “இனி அண்ணை கதைப்பார்” என்று மட்டும் சொல்லி மைக்கை என் கையில் தந்தான்.

வணக்கம் சொல்லி முடிப்பதற்கே நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு “என்ர ம... ம... ம...” என்று நின்றுவிட்டது. மகள் என்ற சொல் வரவே இல்லை. கண் மூடிவிட்டது. மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு அங்கிள் கை தட்டினார், பக்கத்தில் இருந்த அன்ரி அவருடைய கையைப் பிடித்து இறக்கினார். கண்ணைத் திறந்தபோது தம்பி தெரிந்தான். அவன் உதடுகள் ‘ம’வுக்காக மூடியிருந்தன. அவனுக்கு அது பழக்கம், அவனை அறியாமலே வருவது. நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தச் சொல் வந்தது. எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது, ஆனால் என் வாயால் வந்தது. நான் ஒளித்துவைத்திருந்த கதையைச் சொன்னேன். தமிழ் அப்படித்தான் பேசுவது என்று என் பிள்ளை நினைத்ததைச் சொன்னேன். மண்டபம் சிரித்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை, நான் சொன்னதற்குச் சிரித்தது. சிரிப்பு முடிந்ததும் மிச்சத்தையும் சொன்னேன். பயத்தில் ஒன்றரை வருடம் அவளோடு பேசாமல் இருந்ததையும், அந்த நேரம் அவளுக்குத் தமிழைத் தந்தவன் தம்பி என்பதையும், இனிமேல் அவளோடு பேசாமல் இருக்கமாட்டேன் என்பதையும் சொன்னேன். மகள் மணவறைக் கதிரையில் இருந்தபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மருமகன் அவளுக்கு மேசைத்துணியை எடுத்துக் கொடுத்தார், பாவம், பதற்றத்தில் வேறொன்றும் அகப்படவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பின் ருசி எனக்குப் பிடித்துவிட்டது. இதற்காகத்தானா இவன் இத்தனை வருடமாக மேடை மேடையாக ஏறினான் என்று நினைத்தேன். பல்லைத் தபாலில் போட்ட கதையையும் தொடங்கிவிட்டேன். பாதியில் மனைவி முன்மேசையிலிருந்து கையைக் காட்டிப் போதும், இறங்குங்கோ என்றாள். இறங்கினேன். முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள் என்று எழுதினால் பொய். நன்றாகத் தட்டினார்கள். சிலர் பசியில் தட்டியிருப்பார்கள்.

தம்பி மைக்கை வாங்கினான். அவன் கண் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாங்கோ, சாப்பாடு ஆறுது” என்றான், அந்த இழுப்போடு. அவ்வளவுதான். மண்டபம் எனக்குச் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தது. மூன்று சொல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு வரிசையில் அவன் எனக்குப் பின்னால் வந்து நின்றான். “நீ எனக்கு அந்தக் கதையைத் தரேல்லை” என்றான்.

“ஓம்” என்றேன்.

“எருமை” என்று என் முதுகில் தட்டிவிட்டுத் தட்டை நீட்டினான்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து மகள் வீடியோவை அனுப்பினாள். பேசும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. வீடியோ எடுத்தால் எழுந்து போய்விடுவேன். அன்று ஞாயிறு காலை, சோபாவில் இருந்து பார்த்தேன். கண் மூடுகிறது, கழுத்து புடைக்கிறது, தாடை இழுக்கிறது. நான் பயந்திருந்த எல்லாம் இருந்தன. ஆனால் கோரமாக இல்லை. பாரமான ஒரு பொருளைக் கீழே போடாமல் படியேற்றுகிற மனிதனின் முகம் அது. அந்த மனிதனை எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற தம்பிக்குக் கோட் என்னைவிட நன்றாகப் பொருந்தியிருந்ததையும் கவனித்தேன். அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். “என்ன, திரும்பவும் பாக்கிறியளோ?”

“ஓம்.”

“எப்பிடி இருக்கு?”

“நீ... நீளம் கூடிப்போச்சு.”

“அதைத்தானே அண்டைக்குக் கையைக் காட்டினனான்” என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். “தொடக்கத்தில கேக் வைச்ச ஆக்களோட மினக்கெட்டதில நான் வடிவாக் கேக்கேல்ல. முதலில இருந்து போடுங்கோ.”

முதலிலிருந்து போட்டேன்.